ஊர் விட்டு வந்த இசை

பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் புறப்படுகிறவன் மூட்டையில் எதைக் கட்டிக்கொண்டு வருகிறான்? எதை விட்டுவிட்டு வருகிறான்? தாராவியில் பிறந்து வளர்ந்த எனக்கு இக்கேள்வி புதிதன்று. ஆயினும் இதனை ஆழ்ந்து எண்ணச் செய்தது, 1983இல் மறைந்த மடி வாட்டர்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகரின் வாழ்க்கையாகும்.

2023 பிப்ரவரியில் பாந்திரா மெகபூப் ஸ்டுடியோவில் நடந்த மகிந்திரா புளூஸ் விழாவுக்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். மேடை ஏறியவர் 86 வயதான பட்டி கய். அவர் கித்தாரின் ஒரு தந்தியை இழுத்து நிறுத்தினார், அரங்கம் அடங்கிற்று. மறுகணம் எழுந்த முழக்கத்தில் என் நெஞ்சு அதிர்ந்தது. எங்கள் தெருவில் அம்மன் கொடையன்று பறை முழங்கும்போதும் இப்படித்தான் அதிரும். இம்முதியவருக்கு வழிகாட்டியவர் யார் என்று தேடிப் படித்தேன். அவ்வாறு அறிமுகமானவரே மடி வாட்டர்ஸ்.

மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். இளமையிலேயே தாயை இழந்தார், பாட்டி வளர்த்தார். சேற்றில் ஆடித் திரிந்த பேரனுக்குப் பாட்டி இட்ட செல்லப் பெயரே மடி. சேறு படிந்தவன் என்பது பொருள். கிளார்க்ஸ்டேலை அடுத்த ஸ்டோவல் பண்ணையில் பகலெல்லாம் பருத்தி வேலை, இரவில் பாட்டு. சன் ஹவுஸ் என்னும் மூத்த கலைஞரைக் கேட்டுக் கேட்டுப் பழகினார். புட்டியின் கழுத்தை விரலில் மாட்டித் தந்தியின்மேல் வழுக்கி வாசிக்கும் முறை அது. நம் கோட்டு வாத்தியத்தைக் கேட்டவர்களுக்கு அந்த நாதம் அந்நியமாகத் தோன்றாது.

1941இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப் பாடல்களைப் பதிவு செய்வோர் அப்பண்ணைக்கு வந்தனர். தட்டில் பதிந்த தம் குரலைக் கேட்டதும், தாமும் ஒரு கலைஞரே என்னும் நம்பிக்கை அவருக்கு உண்டாயிற்று. 1943இல் கூலி உயர்வு கேட்டார், மறுக்கப்பட்டது. ரயிலேறிச் சிகாகோ சேர்ந்தார். நிறவெறிக்கும் வறுமைக்கும் தப்பித் தென் மாநிலங்களை விட்டு வெளியேறிய கறுப்பின மக்கள், 1970 வரையிலான அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழ 60 லட்சம் பேர். அவர்களுள் அவரும் ஒருவர்.

நகரத்தில் காகித ஆலையில் வேலை கிடைத்தது. இரவில் மதுக்கூடங்களில் பாடினார். அங்கிருந்த இரைச்சலில் மரக் கித்தாரின் ஒலி எடுபடவில்லை. மின்கித்தாரைக் கையில் எடுத்தார். காந்தத்தின்மேல் எஃகுத் தந்தி அதிர, அதனைச் சுற்றிய கம்பிச் சுருளில் சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. பெருக்கி அதனை முழக்கமாக்குகிறது. ஃபாரடே 1831இல் கண்ட உண்மைதான் இது. அந்தச் சுருளின் வழியே பருத்திக் காட்டின் பாட்டு நகரத்துக்குள் நுழைந்தது. 1948இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டு உடனே விற்றுத் தீர்ந்தது. 1950இல் அவர் பாடிய பாட்டொன்றின் பெயரைத்தான், பின்னாளில் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தமக்குச் சூட்டிக்கொண்டனர். 1957இல் சிகாகோவுக்கு வந்து பசியால் வாடிய இளைஞர் பட்டி கய்க்கு உணவளித்து ஊக்கியவரும் அவரே.

இதைப் படித்தபோது என் தாத்தாவை நினைத்தேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு வந்தவர் அவர். ஊரில் தேர்ந்த பறைக் கலைஞர் என்று உறவினர் கூறுவர். பம்பாய் வந்தபின் அவர் பறையைத் தொட்டதே இல்லை. அந்தக் கைகள் முப்பது ஆண்டுகள் தோலைப் பதனிட்டன. ஒருநாளும் தோலைத் தட்டவில்லை. பறையோடு சேர்த்து அவர்மேல் சுமத்தப்பட்ட இழிவை விட்டொழிக்கவே அவர் ரயிலேறினார். மடி வாட்டர்ஸுக்குப் பாட்டு கூலி தந்தது, புகழ் தந்தது. தாத்தாவுக்கு அது சாவு வீட்டு அழைப்பையும் தெருக்கோடியையும் மட்டுமே தந்தது. அவரைக் குறை கூற எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆயினும் ஒருநாள், பறை கற்க விரும்புவதாக அவரிடம் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, தட்டுவதற்கு முன் தோலை நெருப்பில் காய்ச்ச வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஈரம் வற்றத் தோல் இறுகும், இறுக இறுக ஒலி உயரும் என்று நான் ஏட்டில் படித்ததை அவர் கைகள் என்றோ அறிந்திருந்தன.

தோழர்களே! வரும் பொங்கல் விழாவில் நம் சங்க மேடையில் பறை ஒலிக்கும்போது, அடிப்பவர் எந்தத் தெருவினர் என்று எவரும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி ஒழிந்தது என்று உறுதியானால், என் தாத்தாவையும் அழைத்து வருவேன். அவர் வருவாரா என்பது நம் கையில்தான் இருக்கிறது.