குர்ட் ஹான்

குர்ட் ஹான் (ஜூன் 5, 1886 – டிசம்பர் 14, 1974) ஜெர்மனியில் பிறந்து பின்னர் பிரித்தானியக் குடிமகனான கல்வியாளர் ஆவார். ஜெர்மனியின் ஸாலெம் பள்ளி, ஸ்காட்லாந்தின் கோர்டன்ஸ்டன் பள்ளி, வேல்ஸின் அட்லாண்டிக் கல்லூரி ஆகியவை இவரது முயற்சியால் தோன்றியவை. பல நாடுகளைச் சேர்ந்த மாணவர்களை 16 வயதுக்கு மேல் ஒரே வளாகத்தில் தங்கவைத்து, பல்கலைக்கழக நுழைவுக்கு ஒன்றாக ஆயத்தம் செய்யும் மேல்நிலைக் கல்வி முறையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். நாடுகளுக்கு இடையிலான பகைமையைத் தணிக்க ஏற்ற காலம் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் என்பது இவரது பிற்கால நம்பிக்கை. இந்நம்பிக்கை செயல்வடிவம் பெற்றபோது ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. வெவ்வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒரே சான்றிதழை ஏற்குமா என்பதே அது. அதற்குக் கிடைத்த விடை பன்னாட்டு பாக்கலாரியேட் ஆகும்.

இளமையும் கல்வியும்

ஹான் பெர்லின் நகரில் வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை ஆஸ்கர் ஹான் ஒரு தொழிலதிபர். பெர்லினில் பள்ளிப் படிப்பை 1904ல் முடித்தார். அதே ஆண்டில் கடும் வெயில் தாக்கத்துக்கு உள்ளானார். அதன் விளைவுகள் வாழ்நாள் முழுவதும் இவரைத் தொடர்ந்தன. வெளிச்சத்தைத் தாங்க இயலாததால் அகன்ற விளிம்புடைய தொப்பியை அணிவது இவரது வழக்கமாயிற்று.

பள்ளிக்குப் பின் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலும், பெர்லின், ஹைடல்பர்க், ஃபிரைபுர்க், கோட்டிங்கன் ஆகிய ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களிலும் பயின்றார். 1910ல் மீண்டும் ஆக்ஸ்போர்டு சென்றார். கோடைக்காலங்களை ஸ்காட்லாந்தின் மோரே பகுதியில் கழித்தார். இப்பகுதி பின்னாளில் இவரது வாழ்வில் முக்கிய இடம் பெற்றது. 1914ல் முதல் உலகப் போர் மூண்டதால் ஜெர்மனி திரும்பினார். பிற்காலத்தில் பல தலைமுறை மாணவர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிய ஹான், தாம் பயின்ற பல்கலைக்கழகங்கள் எதிலும் பட்டம் பெறவில்லை.

முதல் உலகப் போர்க்காலம்

போர்க்காலத்தில் ஹான் ஜெர்மானிய வெளியுறவுத் துறைக்காகப் பணியாற்றினார். பிரித்தானிய நாளிதழ்களைப் படித்து, அந்நாட்டின் பொதுமக்கள் கருத்தை மதிப்பிட்டுத் தருவது இவரது வேலை. எதிரி நாட்டின் மனநிலையை உள்ளிருந்து அறிந்தவர் என்பதால், பேச்சுவார்த்தை மூலம் போரை முடிக்க வேண்டும் என்ற தரப்பை ஆதரித்தார். கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிக் கப்பல் போரை எதிர்த்தார்.

இக்காலத்தில் பாடன் இளவரசர் மாக்ஸின் ஆலோசகரும் தனிச் செயலாளருமானார். மாக்ஸ் 1918 அக்டோபர் முதல் நவம்பர் 9 வரை ஜெர்மானியப் பேரரசின் கடைசி வேந்தராக (சான்சிலர்) பதவி வகித்தவர். போர் முடிந்தபின் மாக்ஸ் தம் நினைவுக் குறிப்புகளை எழுதவும் ஹான் உதவினார்.

ஸாலெம் பள்ளி

1920ல் இளவரசர் மாக்ஸ், கல்வியாளர் கார்ல் ரைன்ஹார்ட் ஆகியோருடன் இணைந்து ஹான் ஸாலெம் பள்ளியைத் தொடங்கினார். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகே, முன்னர் சிஸ்டெர்சியத் துறவிகளின் மடமாக இருந்த மாக்ஸின் மாளிகையில் இப்பள்ளி அமைந்தது. தோல்வியுற்று நிலைகுலைந்த நாட்டில், பொறுப்புணர்வு கொண்ட குடிமக்களை உருவாக்குவது இதன் நோக்கம். ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயின்றனர். வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இடம் அளிக்கப்பட்டது. பாடங்களுடன் உடற்பயிற்சி, கைத்தொழில், மாணவர் தாமே மேற்கொள்ளும் ஆய்வுப்பணி, சமூகத் தொண்டு ஆகியவையும் கல்வியின் பகுதிகளாகக் கருதப்பட்டன. 1933 வரை ஹான் இதன் தலைமையாசிரியராக இருந்தார்.

கைதும் நாடு நீங்கலும்

1932 ஆகஸ்டில் பொடெம்பா என்னும் சிற்றூரில் பொதுவுடைமைக் கட்சி ஆதரவாளர் ஒருவரை, அவருடைய தாயின் கண்ணெதிரிலேயே நாசிக் கட்சியின் எஸ்.ஏ. படையினர் அடித்துக் கொன்றனர். மரண தண்டனை விதிக்கப்பட்ட கொலையாளிகளுக்கு ஆதரவு தெரிவித்து ஹிட்லர் தந்தி அனுப்பினார். இதனையடுத்து ஹான், ஸாலெமின் முன்னாள் மாணவர்களுக்குச் சுற்றறிக்கை ஒன்றை அனுப்பினார். எஸ்.ஏ., எஸ்.எஸ். படைகளில் இருப்போர் ஹிட்லருடனான உறவையோ ஸாலெமுடனான உறவையோ முறித்துக்கொள்ள வேண்டும் என அதில் கோரினார்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில வாரங்களில், 1933 மார்ச்சில், ஹான் கைது செய்யப்பட்டார். பிரித்தானியப் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு உட்படப் பலர் தலையிட்டதால் விடுவிக்கப்பட்டார். எனினும் பள்ளிக்குத் திரும்ப இயலவில்லை. அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் குடியேறினார். 1938ல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார்.

கோர்டன்ஸ்டன் பள்ளி

1934ல், தாம் முன்பே அறிந்திருந்த மோரே பகுதியில் கோர்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். ஸாலெமில் சிறிது காலம் பயின்ற கிரேக்க இளவரசர் பிலிப் (பின்னர் எடின்பரோ கோமகன்) இதன் தொடக்ககால மாணவர்களுள் ஒருவர். கடற்பயணப் பயிற்சி, கரையோரக் காவல், தீயணைப்பு ஆகியவை பள்ளி வாழ்க்கையில் இடம்பெற்றன. உயிர்காக்கும் பணியில் ஈடுபடும் இளைஞனுக்குத் தன் உழைப்பின் பயன் விளையாட்டில் கிடைப்பதைவிட ஆழமாக உணரப்படும் என்று ஹான் கருதினார்.

1936ல் அப்பகுதி இளைஞர் அனைவரும் பெறத்தக்க மோரே பதக்கத் திட்டத்தை அறிமுகப்படுத்தினார். 1956ல் தொடங்கப்பட்ட எடின்பரோ கோமகன் விருதுத் திட்டம் இதன் வழிவந்ததாகும்.

அவுட்வர்ட் பவுண்ட்

இரண்டாம் உலகப் போரின்போது, நீர்மூழ்கிகளால் தாக்கப்பட்ட வணிகக் கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில், அனுபவமிக்க முதிய மாலுமிகளைவிட இளம் மாலுமிகளே எளிதில் உயிரிழக்கின்றனர் என்ற கவலை நிலவியது. கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட் உதவியுடன் 1941ல் வேல்ஸின் அபெர்டோவி என்னும் இடத்தில் ஹான் ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவினார். துறைமுகத்தை விட்டு வெளியே செல்லும் கப்பலைக் குறிக்கும் சொல்லான அவுட்வர்ட் பவுண்ட் என்பதே இதன் பெயராயிற்று. பின்னர் இவ்வியக்கம் பல நாடுகளுக்கும் பரவியது.

அட்லாண்டிக் கல்லூரி

உடல்நலக் குறைவால் 1953ல் ஹான் கோர்டன்ஸ்டன் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1955ல் பாரிஸ் நகரில் இருந்த நேட்டோ பாதுகாப்புக் கல்லூரியில் உரையாற்ற அழைக்கப்பட்டார். பத்தாண்டுகளுக்கு முன்பு ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்ட நாடுகளின் அதிகாரிகள் அங்கு ஒரே கூரையின் கீழ் பயின்று, பொதுவான சிக்கல்களை ஆராய்ந்து வந்தனர். இந்த ஒற்றுமை, முதிர்ந்த அதிகாரிகளுக்கு முடியுமானால் இளைஞர்களுக்கு இன்னும் எளிது என்ற எண்ணத்தை ஹானிடம் தோற்றுவித்தது. அக்கல்லூரியின் தலைவராக இருந்த விமானப்படை அதிகாரி லாரன்ஸ் டார்வால் இத்திட்டத்தில் இவருடன் இணைந்தார்.

வயதைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு காரணம் இருந்தது. மிகச் சிறு வயதினர் தம் நாட்டையும் பண்பாட்டையும் அறியுமுன்பே வெளிநாடு செல்ல நேரும். பல்கலைக்கழக மாணவர்களோ கருத்துகள் இறுகிய பருவத்தை நெருங்கிவிடுவர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மேல்நிலை வகுப்புப் பருவமே பொருத்தமானது என முடிவு செய்யப்பட்டது.

வேல்ஸின் தென்கரையில் உள்ள செயின்ட் டோனட்ஸ் கோட்டை இதற்கென அன்டோனின் பெஸ் என்பவரால் வாங்கி வழங்கப்பட்டது. 1962ல் அட்லாண்டிக் கல்லூரி திறக்கப்பட்டது. கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோர் முதல் தலைமையாசிரியர். தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். 1967 முதல் பெண்களும் சேர்ந்தனர். பெற்றோரின் பணவசதியன்றி மாணவரின் தகுதியே சேர்க்கைக்கு அடிப்படையாக இருக்க வேண்டும் என்பது நிறுவனர்களின் கொள்கை. இதற்காகப் பல நாடுகளில் தேர்வுக் குழுக்களும் உதவித்தொகைகளும் ஏற்படுத்தப்பட்டன.

கடல்மீட்புப் பணி மாணவர்களின் அன்றாடக் கடமையாயிற்று. ஹோரின் வழிகாட்டலில் மாணவர்கள் மேற்கொண்ட சோதனைகளிலிருந்து, கெட்டியான அடிப்பகுதியும் காற்றடைத்த பக்கங்களும் கொண்ட மீட்புப் படகு உருவானது. அதன் காப்புரிமை ஒரு பவுண்டு என்ற பெயரளவு விலைக்குப் பிரித்தானியத் தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் அட்லாண்டிக் 21 வகைப் படகுகள் கல்லூரியின் பெயரைத் தாங்கியவை.

பல்கலைக்கழக நுழைவுச் சிக்கல்

கல்லூரி முதலில் பிரித்தானிய ஏ-லெவல் தேர்வுகளுக்கே மாணவர்களை ஆயத்தம் செய்தது. இம்முறையில் ஒரு மாணவர் பொதுவாக மூன்று பாடங்களை மட்டும் ஆழமாகப் பயில்வார். ஜெர்மனியின் அபிட்டூர், பிரான்சின் பாக்கலோரியா போன்ற சான்றிதழ்களோ பல பாடங்களில் பரந்த பயிற்சியைக் கோருபவை. எனவே, வேல்ஸில் இரண்டு ஆண்டுகள் படித்த ஒரு மாணவர் தாய்நாடு திரும்பிப் பல்கலைக்கழகத்தில் சேருவது உறுதியாக இல்லை. நட்புறவை வளர்க்க அனுப்பப்பட்ட மாணவரின் மேற்படிப்பே அதனால் தடைப்படலாம் என்ற நிலை, கல்லூரியின் அடிப்படை நோக்கத்துக்கே இடராக அமைந்தது.

இதே சிக்கலை ஜெனீவா பன்னாட்டுப் பள்ளியின் ஆசிரியர்களும் எதிர்கொண்டனர். அங்கு ஒரே வகுப்பு மாணவர்களை வெவ்வேறு நாட்டுத் தேர்வுகளுக்காகத் தனித்தனியே பிரிக்க வேண்டியிருந்தது. அவர்களின் முயற்சியால் 1968ல் ஜெனீவாவில் பன்னாட்டு பாக்கலாரியேட் (ஐ.பி.) அமைப்பு நிறுவப்பட்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் கல்வித் துறையின் இயக்குநரும், அட்லாண்டிக் கல்லூரியுடன் தொடர்பு கொண்டிருந்தவருமான அலெக் பீட்டர்சன் இதன் முதல் தலைமை இயக்குநரானார். சோதனைத் தேர்வுகளில் பங்கேற்ற அட்லாண்டிக் கல்லூரி, 1971ல் ஏ-லெவலைக் கைவிட்டு ஐ.பி.யை முழுமையாக ஏற்றுக்கொண்டது.

இரு மரபுகளுக்கும் இடையிலான சமரசமாக ஐ.பி. பட்டயப் படிப்பு அமைந்தது. மாணவர் ஆறு பாடங்களைப் பயில்வார். அவற்றில் பொதுவாக மூன்று உயர்நிலையிலும் மூன்று பொதுநிலையிலும் அமையும். தம் தாய்மொழி இலக்கியத்தையும் ஒரு பாடமாகக் கொள்ளலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் 7 புள்ளிகள் வீதம் 42 புள்ளிகளும், அறிவுக் கோட்பாடு, நீண்ட ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றுக்கு 3 புள்ளிகளுமாக மொத்தம் 45 புள்ளிகள். இவற்றுடன் கலை, உடற்செயல்பாடு, தொண்டு ஆகிய மூன்றும் அடங்கிய பகுதியையும் நிறைவு செய்தால்தான் பட்டயம் கிடைக்கும். இதற்குப் புள்ளிகள் கிடையாது. ஐ.பி.யை ஹான் உருவாக்கவில்லை. எனினும் இக்கடைசிப் பகுதியில் அவரது கல்விக் கொள்கையின் தாக்கம் தெளிவாகக் காணப்படுகிறது.

கல்விக் கொள்கைகள்

உடல்திறன், முன்முயற்சி, நினைவும் கற்பனையும், வேலைத் திறனும் கவனமும், தன்னடக்கம், இரக்கம் ஆகியவை நவீன வாழ்க்கையில் இளைஞர்களிடம் தேய்ந்து வருவதாக ஹான் கருதினார். இவற்றுள் இரக்கத்தின் தேய்வே மிகக் கொடியது என்பது இவரது கருத்து. உடற்பயிற்சி, நெடும்பயணம், கைவேலைத் திட்டம், உயிர்மீட்புப் பணி ஆகிய நான்கையும் இதற்கு மருந்தாக முன்வைத்தார். தம் கருத்துகள் புதியவை அல்ல என்றும், பிளேட்டோ முதல் ஆங்கிலப் பள்ளிகள் வரை பலரிடமிருந்தும் பெற்றவை என்றும் இவர் ஒப்புக்கொண்டார்.

விமர்சனங்கள்

ஹானின் பள்ளிகள் அறிவு வளர்ச்சியைவிடக் குணநலனுக்கு மிகுந்த முக்கியத்துவம் அளித்தன என்றும், கடுமையான உடற்பயிற்சி எல்லா மாணவர்களுக்கும் பொருந்தாது என்றும் குறை கூறப்பட்டது. எளியோருக்கும் இடமளிக்க வேண்டும் என்ற இவரது விருப்பத்துக்கு மாறாக, ஸாலெமும் கோர்டன்ஸ்டனும் பெரும்பாலும் உயர்குடியினரின் பள்ளிகளாகவே அறியப்பட்டன. ஸாலெமில் இருபாலரும் பயின்ற போதிலும், கோர்டன்ஸ்டனில் 1972 வரை பெண்கள் சேர்க்கப்படவில்லை. அட்லாண்டிக் கல்லூரியின் பெயரே பனிப்போரின் ஒரு தரப்பைச் சுட்டுவதாக அமைந்தது என்பதும் ஒரு விமர்சனம்.

இறுதிக்காலமும் தொடர்ச்சியும்

1964ல் ஹானுக்குப் பிரித்தானிய அரசின் சி.பி.இ. விருது வழங்கப்பட்டது. முதுமையில் ஸாலெம் அருகே ஹெர்மன்ஸ்பெர்க்கில் வாழ்ந்து, 1974 டிசம்பர் 14 அன்று தமது 88ஆம் வயதில் காலமானார். தாம் நீங்க நேர்ந்த ஸாலெமிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அட்லாண்டிக் கல்லூரியைத் தொடர்ந்து தோன்றிய கல்லூரிகள் ஐக்கிய உலகக் கல்லூரிகள் என்ற பெயரில் ஒன்றிணைந்தன. கனடாவின் பியர்சன் கல்லூரி 1974ல் தொடங்கியது. இந்தியாவில் புனே அருகே மஹிந்திரா ஐக்கிய உலகக் கல்லூரி 1997ல் திறக்கப்பட்டது. நெல்சன் மண்டேலா 1995 முதல் 1999 வரை இவ்வமைப்பின் தலைவராக இருந்தார். 2020களில் நான்கு கண்டங்களில் 18 நிறுவனங்கள் இதில் இடம்பெற்றுள்ளன. இவற்றில் மேல்நிலை மாணவர்கள் ஐ.பி. பட்டயத்துக்குப் பயின்று உலகின் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேருகின்றனர்.