பாரிமுனைக்குப் பெயர் தந்தவர்



சென்னையில் பாரிமுனை என்று ஓர் இடம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி வள்ளலின் பெயர்தான் அது என்று நம்மில் பல பேர் நினைக்கிறோம். பிரான்ஸ் நாட்டு பாரிஸ் என்று சொல்கிறவர்களும் உண்டு. ரெண்டும் இல்லீங்க! அது தாமஸ் பாரி என்ற வியாபாரியின் பெயர். அந்த வள்ளல் கொடுத்துப் பேர் வாங்கினார். இவர் வித்துப் பேர் வாங்கினார். இவருடைய கதையைத்தான் நான் எழுதப் போகிறேன்.

தாமஸ் பாரி 1768-ஆம் ஆண்டு பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாட்டில் பிறந்தார். 1788-ல் சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயசு இருபதுதான்! நம்ம ஊர் அண்ணன்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிற வயசு. ஆனால் இவர் மாசக்கணக்கில் கப்பலில் வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகமும் இல்லை. அனுமதி வாங்கித் தனியாக வியாபாரம் செய்கிறவர்களில் ஒருவர். துணி வியாபாரம், பணம் கொடுக்கல் வாங்கல் இரண்டும் செய்தார்.

அந்த வருஷம் நம் பென்னாகரம் திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. 1792-ல்தான் பாராமகால் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போனது. தாமஸ் மன்றோ தர்மபுரிக்கு வந்து நிலவரி வேலை பார்த்தது அந்தச் சமயத்தில்தான். ஒரு தாமஸ் இங்கே நிலம் அளந்தார், இன்னொரு தாமஸ் அங்கே கணக்கு எழுதினார்!

பாரி கொஞ்ச காலம் கர்நாடக நவாப்பிடமும் வேலை பார்த்தார். 1803-ல் கடற்கரை ஓரமாக ஒரு மூலையில் கட்டடம் வாங்கினார். அந்த மூலைதான் இன்றைய பாரிமுனை. 1805-ல் சாந்தோமில் தோல் தொழிற்சாலை ஆரம்பித்தார். அவுரிச் சாயத் தொழிலிலும் இறங்கினார்.

எல்லாம் நல்லாப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சோதனை வந்தது. நவாப் வாங்கிய கடன்கள் சம்பந்தமான தகராறில் இவர் கவர்னர் பார்லோவுக்குப் பிடிக்காத பக்கம் நின்றார். 1809-ல் சென்னையை விட்டு வெளியேறும்படி உத்தரவு போட்டுவிட்டார்கள். இருபது வருஷ உழைப்பு ஒரே தாளில் போய்விடும் நிலைமை! ஆனாலும் கம்பெனி மூழ்கவில்லை. அவரும் பிறகு சென்னையில் தொழிலைத் தொடர்ந்தார். 1819-ல் ஜான் வில்லியம் டேர் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்தார்.

1824-ல் பரங்கிப்பேட்டையில் காலரா நோய் வந்து பாரி இறந்தார். கடலூரில் அடக்கம் செய்தார்கள். அப்போது சென்னை கவர்னர் யார் தெரியுமா? நம்ம தர்மபுரி மன்றோதான். மூன்று வருஷம் கழித்து, 1827-ல், அவரும் காலராவில்தான் இறந்தார். பணக்காரர், கவர்னர் என்று நோய் பார்க்கவில்லை.

முதலாளி போனதும் கடையை மூடிவிடவில்லை. கூட்டாளி டேர் நடத்தினார். பிறகு நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை, ராணிப்பேட்டையில் உரத் தொழிற்சாலை என்று கம்பெனி வளர்ந்தது. பாரிமுனையில் இன்று நிற்கும் பெரிய கட்டடத்துக்கு டேர் ஹவுஸ் என்று பெயர். முதலாளி பெயர் தெருமுனைக்கு, கூட்டாளி பெயர் கட்டடத்துக்கு! நாம் வாங்கித் தின்ற பாரி மிட்டாயும் இவர்கள் செய்ததுதான். அந்த மிட்டாய்க் கம்பெனியை 2004-ல் லாட்டே நிறுவனம் வாங்கிவிட்டது.

ஜப்பானில் மிட்சுயி என்ற பெரிய கம்பெனி 1673-ல் ஒரு துணிக்கடையாகத்தான் ஆரம்பித்தது. பாரியும் துணியில்தான் ஆரம்பித்தார். காலத்துக்கு ஏற்ற மாதிரி சரக்கை மாற்றிக்கொண்டதால்தான் இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இனிமேல்தான். சிவகங்கைச் சீமையின் பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பச் செட்டியார் கடல் தாண்டி பர்மாவுக்குப் போய், 1900-ல் தொழில் தொடங்கினார். 1981-ல் பாரி கம்பெனி அந்த முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது. கடல் தாண்டி வந்தவர் வைத்த கடையைக் கடல் தாண்டிப் போனவரின் பிள்ளைகள் எடுத்து நடத்துகிறார்கள்!

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது நண்பர்களே. துணி நெய்தவர், தோல் பதனிட்டவர், அவுரி விதைத்தவர் எல்லோரும் நம் ஜனங்கள்தான். அவர்கள் பெயரில் ஒரு முனையும் இல்லை. பாரியின் துணிச்சலை நாம் கற்றுக்கொள்வோம். ஆனால் நாளைக்கு நம்மில் யாராவது கம்பெனி ஆரம்பித்தால், கணக்கு நோட்டில் முதல் பக்கத்தில் உழைத்தவர்களின் பெயரை எழுதுவோம்.



— பதினொன்றாம் வகுப்பு