மனநோயாளரின் தந்தை: கடவுளின் புனித அருளப்பர்

நோயாளிகளின் பாதுகாவலர் என்று திருச்சபை போற்றும் புனிதர்களுள் ஒருவர் கடவுளின் புனித அருளப்பர். இறை யோவான் என்றும் இவரை அழைப்பர். பைத்தியம் என்று கட்டிவைத்து அடிக்கப்பட்ட ஒருவர் பின்னாளில் மனநோயாளருக்கே தந்தையானார் என்பதுதான் இவர் வரலாறு. நம் பங்கின் ஜூபிலி ஆண்டில் இவரை நினைவுகூர்வது பொருத்தமானது. ஏனெனில் அவர் பட்ட துன்பத்தைப் படுகிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

அருளப்பர் 1495ஆம் ஆண்டு போர்த்துகல் நாட்டில் மோந்தெமோர் என்னும் ஊரில் பிறந்தார். 8 வயதிலேயே பெற்றோரைப் பிரிந்து, ஸ்பெயின் நாட்டில் ஆடு மேய்த்து வளர்ந்தார். பின்னர் போர்வீரரானார். அங்கே தம் காவலில் இருந்த பொருள்கள் களவு போனதால் தூக்குத் தண்டனை வரை சென்று, மயிரிழையில் உயிர் தப்பினார். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள செயுத்தா நகரில் கோட்டைச் சுவர் கட்டும் கூலியாளாக உழைத்து, நாடு கடத்தப்பட்ட ஒரு குடும்பத்துக்கு உணவளித்தார். இறுதியில் பக்தி நூல்களையும் படங்களையும் சுமந்து விற்றுப் பிழைத்து, கிரனாதா நகரில் சிறு புத்தகக் கடை வைத்தார். அப்போது அவருக்கு வயது 40ஐத் தாண்டியிருந்தது.

நாம் சிறப்பாகக் கொண்டாடும் செபஸ்தியார் திருநாளாகிய ஜனவரி 20ஆம் நாள் அது. அவிலா அருளப்பர் என்னும் புகழ்பெற்ற குருவானவரின் பிரசங்கத்தைக் கேட்ட நம் புனிதர், தம் பாவங்களை நினைத்துக் கதறினார். தெருவில் புரண்டார், தலைமயிரைப் பிய்த்துக்கொண்டார், கடையிலிருந்த பொருள்களையெல்லாம் வாரி வழங்கினார். சிறுவர்கள் கல்லெறிந்தனர். ஊரார் அவரை அரச மருத்துவமனையில் மனநோயாளருக்கான பகுதியில் சேர்த்தனர்.

அக்காலத்தில் மனநோய்க்குச் சிகிச்சை என்றாலே கயிறும் கசையும்தான். வலி கொடுத்தால் புத்தி திரும்பும் என்று நம்பினார்கள். அருளப்பரும் கட்டப்பட்டார், அடிக்கப்பட்டார். தம் வலியைவிடப் பக்கத்தில் அடிபடுவோரின் அலறலே அவர் நெஞ்சை அறுத்தது. நோயாளியை ஏன் குற்றவாளிபோல் நடத்துகிறீர்கள் என்று அங்கிருந்தவர்களைக் கண்டித்தார். மனம் தெளிந்ததும் அங்கேயே மற்ற நோயாளருக்குப் பணிவிடை செய்யத் தொடங்கினார். இவர்களை அன்போடு பேணுவதற்குத் தமக்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற தீர்மானத்துடன் வெளியே வந்தார்.

கையில் காசில்லை. விறகு சுமந்து விற்றார். வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, தெருவில் கிடந்த நோயாளரைத் தோளில் தூக்கி வந்து சேர்த்தார். இரவில் முதுகில் கூடையும் கையில் பாத்திரங்களுமாக வீதி வீதியாகச் சென்று, பிச்சையிடுகிறவர்கள் தங்களுக்கே நன்மை செய்துகொள்கிறார்கள் என்று கூவிக் கேட்டார். முடவர், தொழுநோயாளர், முதியோர், வழிப்போக்கர் ஆகியோருடன் மனநோயாளருக்கும் அவ்வீட்டில் இடமிருந்தது. கடன் கழுத்தை நெரித்தது. ஆயினும் யாரையும் அவர் வாசலிலிருந்து திருப்பி அனுப்பவில்லை.

1549ஆம் ஆண்டு அந்த அரச மருத்துவமனை தீப்பற்றியது. தம்மைக் கட்டிவைத்து அடித்த அதே இடம்! அருளப்பர் ஓடிச் சென்று, நெருப்பினுள் நுழைந்து, நோயாளிகளைத் தூக்கி வந்து காப்பாற்றினார். அதன்பின் ஒரு குளிர்காலத்தில் ஹெனில் ஆற்றில் வெள்ளம் வந்தது. கொள்ளிடக் கரையில் நம்மவர் செய்வதுபோல, மிதந்து வந்த மரங்களைப் பிடிக்கப் போனார். அடித்துச் செல்லப்பட்ட ஓர் இளைஞனைக் கண்டு ஆற்றில் குதித்தார். அதனால் வந்த காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1550 மார்ச் 8ஆம் நாள், முழந்தாட்படியிட்டுச் செபித்த நிலையிலேயே உயிர் துறந்தார். 1690இல் புனிதர் பட்டம் பெற்றார். 1886இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் புனித கமில்லஸுடன் இவரை நோயாளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். இவர் சபைச் சகோதரர்கள் கேரளத்தின் கட்டப்பனை உட்பட உலகின் பல இடங்களில் மருத்துவமனைகள் நடத்துகின்றனர்.

இது ஏதோ பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் நம் தமிழகத்திலேயே, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். கிரனாதாவில் தூக்கிச் செல்ல ஓர் அருளப்பர் இருந்தார். ஏர்வாடியில் எவரும் இல்லை.

இன்று சட்டம் இப்புனிதரின் பக்கம் நிற்கிறது. குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளரைச் சிறையில் அடைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தெருவில் திரியும் மனநோயாளரைக் காவல்துறையினர் காவல்நிலைய அறையில் அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். போதைப் பொருளுக்கு அடிமையானவர் தாமாகவே சிகிச்சைக்கு முன்வந்தால், சிறிதளவே வைத்திருந்தவரை வழக்கிலிருந்து காக்கவும் சட்டத்தில் வழியுண்டு.

ஆனால் சட்டம் நம் வீட்டுக் கொல்லைப்புறத்து அறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. மனம் பேதலித்தவர்களை வேளாங்கண்ணிக்கும் குணசீலத்துக்கும் அழைத்துச் செல்வது காவிரிக் கரை மக்களின் நெடுநாள் வழக்கம். செபிப்பது நல்லதே. அத்துடன் மருந்தும் வேண்டும். ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி மகனைப் பூட்டி வைப்பதும், குடிக்கு அடிமையான கணவனைப் போலீசார் நாலு அடி அடித்தால் திருந்துவான் என்று எண்ணுவதும் கசையை நம்பிய அக்காலத்தாரின் செயலே. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

அன்பு மக்களே, நம் பங்கில் இத்தகைய துன்பம் தாங்கும் குடும்பங்கள் உண்டு. திருப்பலிக்கும் வராமல் ஒதுங்கியிருக்கும் அவர்களைத் தேடிச் செல்வோம். மருத்துவமனைக்குத் துணைக்கு ஒருவர் தேவைப்படும் நாளில் நாம் உடன் போவோம். கடவுளின் புனித அருளப்பர் நமக்காகப் பரிந்து பேசுவாராக.