தனியாகச் சாப்பிட விரும்பாத மேதை
அகராதி தந்த டாக்டர் ஜான்சன்

ஆங்கில மொழிக்குப் பெரிய அகராதி ஒன்றை எழுதித் தந்தவர் டாக்டர் ஜான்சன். அவருடைய படிப்பைப் புகழ்வோர் பலர். ஆனால், அவர் காலத்து லண்டன்வாசிகளுக்கு அவரை வேறு விதத்திலும் தெரியும். நல்ல சாப்பாடு, நல்ல சிநேகிதர்கள், நல்ல பேச்சு, இந்த மூன்றும் ஒரு மேஜையில் சேர்ந்துவிட்டால் போதும். பொழுது விடிந்தாலும் அவர் எழுந்திருக்க மாட்டார்.

நாக்கு ருசி மட்டும் இதற்குக் காரணம் அல்ல. அவருக்குத் தனிமை என்றால் பயம். தனியாக இருந்தால் மனச்சோர்வு வந்து பிடித்துக் கொள்ளும். புத்தி பேதலித்து விடுமோ என்றுகூட அஞ்சினார். நண்பர்களோடு உண்ணும் உணவுதான் அவருக்கு மருந்தாக இருந்தது.

புத்தகக் கடைக்காரர் மகன்

சாமுவேல் ஜான்சன் 1709-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி இங்கிலாந்தில் லிச்பீல்டு என்ற ஊரில் பிறந்தார். தந்தை புத்தகக் கடை வைத்திருந்தார். வருமானம் போதவில்லை.

குழந்தைக்குக் கண்டமாலை என்னும் நோய் கண்டது. கழுத்தில் தழும்புகள் விழுந்தன. ஒரு கண்ணின் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. ஒரு காதும் மந்தமாயிற்று. அரச பரம்பரையினர் கை பட்டால் இந்த நோய் தீரும் என்று அந்நாளில் நம்பினார்கள். ஆகவே, 1712-ல் தாயார் குழந்தையை லண்டனுக்குத் தூக்கிச் சென்றார். ஆன் ராணி குழந்தையைத் தொட்டார். நோய் தீரவில்லை. ராணி கொடுத்த தங்க வில்லையை மட்டும் ஜான்சன் வாழ்நாள் முழுவதும் கழுத்தில் அணிந்திருந்தார்.

1728-ல் ஆக்ஸ்போர்டு கல்லூரியில் சேர்ந்தார். அறிவு இருந்தது, பணம் இல்லை. பூட்ஸ் கிழிந்து கால் விரல் வெளியே தெரிந்தது. இதைக் கண்டு இரங்கிய யாரோ ஒருவர், புது பூட்ஸ் ஒன்றை அவர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஜான்சனுக்குக் கோபம் வந்தது. பூட்சைத் தூக்கி எறிந்தார். 13 மாதங்களில் படிப்பும் நின்றது.

1735-ல் எலிசபெத் என்ற விதவையை மணந்தார். அவர் ஜான்சனைவிட 20 வயது மூத்தவர். மனைவியின் பணத்தைப் போட்டு ஜான்சன் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். விரல் விட்டு எண்ணக் கூடிய மாணவர்களே வந்தார்கள். பள்ளிக்கூடம் மூடப்பட்டது. அந்த மாணவர்களில் ஒருவன் டேவிட் காரிக். 1737 மார்ச் மாதம் ஆசிரியரும் மாணவனும் பிழைப்புத் தேடி லண்டனுக்குப் புறப்பட்டார்கள்.

எட்டுப் பென்னி சாப்பாடு

லண்டனில் நியூ ஸ்ட்ரீட் என்ற தெருவில் 'பைன் ஆப்பிள்' என்று ஒரு விடுதி இருந்தது. ஜான்சன் அங்கே சாப்பிடுவார். இறைச்சி 6 பென்னி. ரொட்டி 1 பென்னி. பரிமாறும் சர்வருக்கு இனாம் 1 பென்னி. ஆக 8 பென்னி.

அதே மேஜையில் சாப்பிட்ட மற்றவர்கள் ஒயின் குடித்தார்கள். அவர்களுக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி செலவாயிற்று. ஆனால், சர்வருக்கு அவர்கள் ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். ஆகவே, எல்லோரைக் காட்டிலும் ஏழையான ஜான்சனுக்கே உபசாரம் பலமாக நடந்தது! தினமும் அங்கே ஒன்றுகூடியவர்களுக்கு ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் பேச்சு சுவையாக இருந்தது. ஊருக்குப் புதியவரான ஜான்சனுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அந்த 8 பென்னியும் இல்லாத நாட்கள் உண்டு. ரிச்சர்டு சாவேஜ் என்ற ஏழைக் கவிஞர் அவருக்கு நண்பரானார். படுக்க இடமில்லாமல், இருவரும் இரவு முழுவதும் தெருக்களைச் சுற்றி நடந்தது உண்டு.

திரைக்குப் பின்னால்

சாவேஜ் சிறையில் இறந்தார். அவருடைய வரலாற்றை ஜான்சன் எழுதினார். 1744-ல் அந்நூல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது.

எட்வர்டு கேவ் என்ற பத்திரிகை அதிபர் வீட்டுக்கு ஒருவர் விருந்துக்கு வந்தார். சாப்பிடும்போது அந்தப் புத்தகத்தை வாயாரப் புகழ்ந்தார். கேவின் பணியாள் ஒரு தட்டில் உணவை எடுத்து அறையில் இருந்த திரைக்குப் பின்னால் கொண்டு போனான். விருந்தாளி அதைக் கவனிக்கவில்லை. திரைக்குப் பின்னால் அமர்ந்து சாப்பிட்டவர் ஜான்சன்தான்! கந்தல் உடையோடு விருந்தில் உட்கார வெட்கப்பட்டு அவர் மறைவில் இருந்தார். தம் நூலின் புகழைத் தம் காதாலேயே கேட்டார்.

விடிய விடிய விருந்து

1746-ல் புத்தக வியாபாரிகள் சிலர் சேர்ந்து, அகராதி எழுதித் தரும்படி ஜான்சனிடம் ஒப்பந்தம் செய்தார்கள். கூலி 1,575 பவுன். கஃப் சதுக்கத்தில் வீடு எடுத்து, ஆறு உதவியாளர்களை வைத்து வேலை தொடங்கினார். உதவியாளர் சம்பளமும் அந்தப் பணத்திலிருந்தே போக வேண்டும்.

பகலெல்லாம் சொற்களோடு போராட்டம். மாலையில் மனம் ஆட்களைத் தேடும். ஆகவே, 1749-ல் ஐவி லேன் என்ற சந்தில் ஒரு விடுதியில் நண்பர்களைச் சேர்த்து ஒரு கிளப் ஏற்படுத்தினார். வாரம் ஒரு முறை கூடிச் சாப்பிட்டார்கள்.

சார்லட் லெனக்ஸ் என்ற பெண்மணி எழுதிய முதல் நாவல் வெளிவந்தபோது, அதைக் கொண்டாட வேண்டும் என்றார் ஜான்சன். 'டெவில்' என்ற விடுதியில் சுமார் 20 பேர் கூடினார்கள். பெரிய ஆப்பிள் பணியாரம் ஒன்று வந்தது. இலைகளால் முடி பின்னி அந்தப் பெண்மணியின் தலையில் ஜான்சன் சூட்டினார். பேச்சும் சிரிப்பும் இரவு முழுவதும் நடந்தன.

காலை 5 மணிக்கும் ஜான்சன் முகம் பளபளவென்று இருந்தது. இத்தனைக்கும் அவர் குடித்தது எலுமிச்சம் பழச் சர்பத்துதான்! சர்வர்கள் தூங்கி விழுந்தார்கள். அவர்களை எழுப்பி பில் வாங்கவே நெடுநேரம் ஆயிற்று. எல்லோரும் தெருவுக்கு வந்தபோது மணி ஏறக்குறைய 8.

1752-ல் மனைவி இறந்தார். ஜான்சன் நொறுங்கிப் போனார். 1755 ஏப்ரல் 15-ந் தேதி அகராதி வெளிவந்தது. இரண்டு பெரிய தொகுதிகள். 42,000-க்கு மேற்பட்ட சொற்கள். நாடெங்கும் புகழ். ஆனால், மறு ஆண்டே 6 பவுனுக்கும் குறைவான ஒரு கடனுக்காக அவர் கைதானார்! நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி உதவினார்.

1762-ல் அரசர் ஆண்டுக்கு 300 பவுன் உதவித் தொகை அளித்தார். அதன் பிறகுதான் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது.

மூடி வைத்த பாட்டில்

ஒரு நாள் காலை எழுத்தாளர் கோல்ட்ஸ்மித்திடமிருந்து அவசரச் செய்தி வந்தது. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரி அவரைப் பிடித்து வைத்திருந்தாள். ஜான்சன் உடனே ஒரு கினி நாணயம் அனுப்பினார். பின்னாலேயே தாமும் போனார்.

போய்ப் பார்த்தால், அந்தக் கினியை மாற்றி, மடீரா ஒயின் பாட்டில் ஒன்று வாங்கி முன்னால் வைத்திருந்தார் கோல்ட்ஸ்மித்! ஜான்சன் பாட்டிலைத் தக்கையால் மூடினார். பணத்துக்கு என்ன வழி என்று நிதானமாகப் பேசினார். கோல்ட்ஸ்மித் ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதியை எடுத்துக் காட்டினார். ஜான்சன் அதைக் கொண்டுபோய் 60 பவுனுக்கு விற்று வந்தார். கடன் தீர்ந்தது. உலகப் புகழ் பெற்ற 'வேக்பீல்டு பாதிரியார்' என்ற நாவல் அதுதான்.

திங்கட்கிழமை விருந்து

1763 மே 16-ந் தேதி, ஒரு புத்தகக் கடையில் 22 வயது வாலிபர் ஒருவர் ஜான்சனைச் சந்தித்தார். அவர் பெயர் ஜேம்ஸ் பாஸ்வெல். சில வாரங்களில் இருவரும் 'மைட்டர்' என்ற விடுதியில் சாப்பிட்டார்கள். இரண்டு பாட்டில் போர்ட் ஒயின் காலியாயிற்று. இரவு ஒரு மணி தாண்டியும் பேச்சு ஓயவில்லை. ஜான்சன் பேசியதையெல்லாம் பாஸ்வெல் குறித்து வைக்கத் தொடங்கினார்.

மறு ஆண்டு ஓவியர் ரெனால்ட்ஸ் ஒரு யோசனை கூறினார். அதன்படி 1764-ல், ஜெரார்டு தெருவில் இருந்த 'டர்க்ஸ் ஹெட்' என்ற விடுதியில் ஒரு கிளப் தோன்றியது. முதலில் ஒன்பது பேர். ஜான்சன், ரெனால்ட்ஸ், கோல்ட்ஸ்மித், அரசியல் மேதை எட்மண்ட் பர்க் ஆகியோர் அதில் இருந்தார்கள். திங்கட்கிழமை தோறும் இரவு 7 மணிக்குக் கூடுவார்கள். சாப்பாட்டுச் செலவை எல்லோரும் பங்கிட்டுக் கொள்வார்கள். இரவில் தாம் சாப்பிடுவதில்லை என்று கூறி ஓர் அங்கத்தினர் பங்கு கொடுக்க மறுத்தார். அவரை யாருக்கும் பிடிக்கவில்லை. பின்னர் அவர் விலகிப் போனார்.

பிறகு புதியவர்கள் சேர்ந்தார்கள். நடிப்பில் பெரும் புகழ் பெற்றுவிட்ட காரிக் வந்தார். பாஸ்வெல் வந்தார். பொருளாதார மேதை ஆடம் ஸ்மித் வந்தார். பின்னாளில் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்து, காளிதாசனின் சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் தந்த வில்லியம் ஜோன்சும் அந்த மேஜையில் சாப்பிட்டவரே.

மதுவை விட்டார்

ஜான்சன் ஒயினின் சுவை அறிந்தவர். ஆனால், கொஞ்சமாகக் குடித்து நிறுத்துவது தம்மால் ஆகாது என்பதையும் அறிந்தவர். ஆகவே, பல ஆண்டுகள் அதை அடியோடு விட்டிருந்தார். பிற்காலத்தில் பெரும்பாலும் தண்ணீர், சர்பத்து, தேநீர்தான். தேநீர் மட்டும் கணக்கில்லாமல் குடிப்பார்.

மது நின்றது, விருந்து நிற்கவில்லை. நண்பர்கள் கிண்ணத்தில் ஒயின் இருக்கும். அவர் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். பேச்சில் அவரே முதல்வர். சாப்பாடு வந்துவிட்டாலோ பேச்சு நின்றுவிடும். நெற்றி நரம்பு புடைக்க, வியர்வை வழிய, தட்டிலேயே கண்ணாகச் சாப்பிடுவார். பசித்த நாட்களை மறக்காத சாப்பாடு அது.

விரோதியோடு விருந்து

ஜான் வில்க்ஸ் என்ற அரசியல்வாதியை ஜான்சனுக்குப் பிடிக்காது. அவரைக் கண்டித்து எழுதியவர். 1776 மே 15-ந் தேதி, டில்லி என்ற புத்தக வியாபாரி வீட்டு விருந்தில், பாஸ்வெல் தந்திரமாக இருவரையும் ஒரே மேஜையில் சேர்த்துவிட்டார்.

வில்க்ஸ் ஜான்சன் பக்கத்தில் அமர்ந்தார். நல்ல கன்றிறைச்சித் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார். குழம்பு ஊற்றினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உபசரித்தார். முதலில் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்த ஜான்சன் மெல்ல இளகினார். விருந்து முடிவதற்குள் இருவரும் சேர்ந்து சிரித்துப் பேசினார்கள்.

வீட்டில் காத்திருந்தவர்கள்

ஜான்சனுக்குக் குழந்தைகள் இல்லை. ஆனால், வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். கண் தெரியாத அன்னா வில்லியம்ஸ் என்ற பெண்மணி. ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ராபர்ட் லெவட். ஜமைக்காத் தீவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பர். இவர்களுக்கெல்லாம் ஜான்சன் சோறு போட்டார். பார்பரைப் பள்ளியில் சேர்த்துப் படிக்கவும் வைத்தார்.

விடுதியிலிருந்து எந்நேரம் திரும்பினாலும், அன்னா வில்லியம்ஸ் விழித்திருப்பார். அவரோடு தேநீர் குடித்த பிறகே ஜான்சன் படுக்கப் போவார். வழியில் கடை வாசல்களில் அநாதைச் சிறுவர்கள் தூங்குவார்கள். அவர்கள் கையில் காசு வைத்துவிட்டு வருவார். விழித்ததும் அவர்களுக்குக் காலைப் பலகாரம் கிடைக்க வேண்டும் அல்லவா?

கடைசிக் கிளப்

காரிக் 1779-ல் மறைந்தார். லெவட் 1782-ல் போனார். 1783-ல் ஜான்சனைப் பக்கவாதம் தாக்கியது. சிறிது காலம் வாய் பேச முடியவில்லை. அதே ஆண்டு அன்னா வில்லியம்சும் இறந்தார். வீடு வெறிச்சென்று ஆயிற்று.

74 வயது. உடலில் பல நோய்கள். வேறொருவராக இருந்தால் கதவைச் சாத்திக் கொண்டிருப்பார். ஜான்சனோ அந்த டிசம்பரில் இன்னொரு கிளப் தொடங்கினார்! எசெக்ஸ் தெருவில் ஒரு சிறு விடுதி. வாரத்தில் மூன்று நாள் கூட்டம். செலவு மிகக் குறைவு. வராதவர்களுக்குச் சில பென்னி அபராதம். விடுதிக்காரர், ஜான்சனின் சிநேகிதர் வீட்டில் முன்பு பணியாளராக இருந்தவர். அவருக்கும் வியாபாரம் நடக்கட்டும் என்பது ஜான்சன் எண்ணம்.

ஓராண்டு சென்றது. 1784 டிசம்பர் 13-ந் தேதி ஜான்சன் காலமானார். தம் சொத்தில் பெரும் பகுதியைப் பார்பருக்கு எழுதி வைத்திருந்தார்.

1791-ல் பாஸ்வெல் எழுதிய ஜான்சன் வரலாறு வெளிவந்தது. உலகின் சிறந்த வாழ்க்கை வரலாறுகளில் அதுவும் ஒன்று. சாப்பாட்டு மேஜைகளில் பேசிய பேச்சுகள் அதில் நிறைந்திருக்கின்றன.

வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஜான்சனை அடக்கம் செய்தார்கள். கிளப் நண்பர்கள் பலர் உடன் சென்றார்கள். அவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே காரிக்கின் கல்லறை இருக்கிறது. கையில் காசின்றி லண்டனுக்கு ஒன்றாக வந்த ஆசிரியரும் மாணவனும் அங்கே அருகருகே உறங்குகிறார்கள்.