ஜோசையா வெட்ஜ்வுட்

இங்கிலாந்து தேசத்து ஸ்டாபர்ட்ஷையர் ஜில்லாவில், பர்ஸ்லெம் என்னும் ஊரில், குயத்தொழிற் குடும்பமொன்றில் 1730-ஆம் ஆண்டு தோன்றியவர் ஜோசையா வெட்ஜ்வுட். இளமையில் வைசூரியால் நலிந்த வலக்காலை 1768-இல் அறுத்தெடுக்க நேர்ந்தும், மறு ஆண்டே எட்ரூரியா என்னும் பெரிய தொழிற்சாலையைத் திறந்தார். சார்லட் அரசியாரும் அவர்தம் பாண்டங்களை விரும்பி வாங்கினர்.

1772-இல் லண்டன் பாங்கர் ஒருவர் கடன் தீர்க்கமாட்டாது ஓடிப்போகவே, பாங்கிகள் பல முறிந்தன. சரக்குக் கொள்வார் அருகினர். கிடங்கிற் பாண்டங்கள் தேங்கின. அதுகாலை வெட்ஜ்வுட் தம் பேரேடுகளைத் தாமே எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாண்டத்திற்கும் மண், கூலி, அச்சு, வாடகை என்ன விழுகின்றதெனப் பிரித்தெழுதலானார். கணக்கு நேர்படவில்லை. துருவத் துருவத் தலைமைக் கணக்கரின் கையாடல் வெளிப்பட்டது. அவ்விடத்தில் வேறொருவரை அமர்த்தினார். கணக்கை முற்றும் பிறர்கையில் ஒப்புவித்திருப்போர் நம்மவருள்ளும் உளராதலின், இதனைச் சற்று விரித்தெழுதினோம்.

நிற்க. அச்சுச் செலவும், வாடகையும், கணக்கர் சம்பளமும் சரக்கு மிகினும் குறையினும் மாறாமை அவ்வேடுகளால் அவருக்குத் தெளிவாயிற்று. ஆகவே ஒருவகைப் பாண்டத்தையே மிகுதியாகச் செய்வித்து, விலையைத் தாழ்த்தி, செல்வர்க்கேயன்றி நடுத்தரக் குடும்பங்கட்கும் விற்கத் துணிந்தார். தொழிற்சாலை பிழைத்தது.

1795-இல் அவர் மறைந்தபோது மக்களுக்குப் பெருஞ்செல்வம் எஞ்சியது. உலகறிந்த டார்வின் என்னும் அறிஞர் இவர்தம் மகள்வயிற்றுப் பேரராவர்.