ஹென்றி மாட்ஸ்லே என்னும் யந்திர வல்லுநர்

மன்னர், அமைச்சர், படைத்தலைவர் ஆகியோரின் சரிதங்கள் நூல்நிலையங்களில் அலமாரி அலமாரியாக அடுக்கப்பட்டுள்ளன. அரமும் உளியும் கையிற்கொண்டு உழைத்தவர் சரிதமோ தேடினும் எளிதிற் கிடைப்பதன்று. அத்தகையார் ஒருவரைப் பற்றி யாம் இங்கு எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. மேசைமேல் வைத்து இயக்கத்தக்க சிறு மில்லிங் யந்திரம் ஒன்றை வாங்கி, அதன் கைப்பிடிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அவற்றினிடத்தே மின் மோட்டார்களைப் பூட்டி, கணினியின் ஏவலுக்கு அதனை உட்படுத்தும் பொழுதுபோக்கு இக்காலத்தே பல நாடுகளிலும் பரவியுள்ளது. சி.என்.சி. என்னும் மூன்றெழுத்தால் அம்முறையை வழங்குவர். அதில் இறங்கும் இளைஞர் முதலிற் கணினியையும் மோட்டாரையுமே பெரிதாக எண்ணுவர். சின்னாள் உழன்ற பின்னரே, தம் தொல்லைக்கு மூலம் மேசையினடியிற் கிடக்கும் ஓர் இரும்புத் திருகு என்பதனை உணர்வர். அத்திருகை நம்பத்தக்கதாக ஆக்குவதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டவரே நம் சரித நாயகராகிய ஹென்றி மாட்ஸ்லே.

இவர் 1771ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள், இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள வுலிச் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர் அரசாங்கப் படைக்கலச்சாலையில் ஊழியம் செய்தவர். பள்ளிப்படிப்பு மிகுதியாக வாய்க்கவில்லை. பன்னிரண்டு வயதிலே மைந்தனும் அச்சாலையிற் புகுந்து, தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்பும் வேலையைப் பெற்றான். பின்னர்த் தச்சுப் பட்டறைக்கு மாற்றப்பட்டான். ஆயினும் மரத்தில் அவன் மனம் நிலைக்கவில்லை. கொல்லுலையின் ஓசை கேட்டபொழுதெல்லாம் தச்சு வேலையை விட்டு அங்கே ஓடுவான் என்பர். பதினைந்தாம் வயதில் அவனைக் கொல்லுலைக்கே அனுப்பிவிட்டனர். இரும்பைக் காய்ச்சி அடிப்பதிலும் அரத்தால் அராவுவதிலும் அவன் பெற்ற கைத்திறம் சில ஆண்டுகளுக்குள் இலண்டன் நகர் வரையிற் பேசப்பட்டது.

அக்காலத்தில் இலண்டனில் ஜோசப் பிராமா என்பவர், எவராலும் கள்ளத்தனமாகத் திறக்கவியலாத பூட்டு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். கண்டுபிடித்தது மெய், ஆயின் அப்பூட்டின் நுண்ணிய உறுப்புக்களைப் பிசகின்றி, குறைந்த செலவிற் செய்வதற்கு ஆள் கிடைக்கவில்லை. மாட்ஸ்லேயை அழைத்தனர். வந்தவரோ பதினெட்டு வயது இளைஞர். ஏழாண்டுத் தொழிற்பயிற்சி முடித்த சான்றும் அவரிடம் இல்லை. அங்கிருந்த தொழிலாளர் தம்முடன் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கினர். அப்பொழுது அவர், மூலையிற் கிடந்த தேய்ந்துபோன பற்றுக்குறடு ஒன்றைக் காட்டி, அன்று மாலைக்குள் அதனைப் புதிதுபோலாக்கித் தருவதாகவும், அதன்பின் தம்மைப் பற்றி முடிவு செய்யலாம் என்றும் கூறினார். மாலைமணி அடிக்குமுன் அக்குறடு செப்பனாயிற்று. அவரும் அவர்களுள் ஒருவரானார். இது 1789ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பூட்டின் உறுப்புக்களைச் செய்வதற்கென்றே அவர் பல யந்திரங்களை இயற்றினார். பிராமா தம் கடைச் சாளரத்தில் வைத்து, திறப்பார்க்கு 200 கினி பரிசென்று அறிவித்த பூட்டு, 1851ஆம் ஆண்டில் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் 51 மணி நேரம் முயன்று திறக்கும்வரை ஒருவருக்கும் இடங்கொடுக்கவில்லை.

எட்டாண்டுகள் அங்கே உழைத்தார். பட்டறைத் தலைமையும் அவரிடமே வந்தது. பிராமாவின் இல்லத்திற் பணிபுரிந்த ஸாரா டிண்டல் என்னும் மங்கையை மணந்து, குழந்தைகளும் பெற்றார். வாரக் கூலி 30 ஷில்லிங். குடும்பம் பெருகியமையால் சிறிது உயர்த்தித் தருமாறு 1797இல் முதலாளியை வேண்டினார். முதலாளி கண்டிப்பாக மறுத்துவிட்டார். மாட்ஸ்லே வெளியேறினார். பிராமாவைக் கொடியவர் என்று கூற யாம் விரும்பவில்லை, அவரும் பேரறிவாளரே. எனினும், வாரத்துக்குச் சில ஷில்லிங்குகளை மிச்சப்படுத்த எண்ணி, தம் பட்டறையின் வலக்கையையே அவர் இழந்தார். ஆக்ஸ்போர்டு வீதியருகே வெல்ஸ் தெருவில் மாட்ஸ்லே சிறு பட்டறை தொடங்கினார். முதலிற் கிடைத்த வேலை, ஓவியர் ஒருவரின் படந்தாங்கிக்கு வேண்டிய இரும்பு உறுப்புக்கள்.

இனி அவர் செய்த பெருஞ்செயலைக் கூறுவோம். அதனை விளங்கிக்கொள்ள, அக்காலத்துக் கடைசல் வேலையின் நிலையை அறிதல் வேண்டும். சுழலும் இரும்பின்மேல் தொழிலாளி உளியைத் தன் கையாலே அழுத்திப் பிடிப்பான். அவன் கை சிறிது நடுங்கினும், கவனம் சிறிது பிறழினும், பொருள் கோணலாகும். திருகுகளையும் பெரும்பாலும் கைத்திறத்தாலேயே வெட்டினர். ஆகவே ஒரு போல்ட்டுக்கென வெட்டிய நட்டு மற்றொன்றிற் பொருந்தாது. யந்திரம் ஒன்றைப் பழுது பார்க்கப் பிரித்தால், ஒவ்வொரு நட்டுக்கும் அடையாளமிட்டு வைத்தல் வேண்டும்; அடையாளம் மாறினாற் பெருந்தொல்லையாம். கடிகாரக்காரர் போன்ற சிலர் சிறு யந்திரங்கள் வைத்திருந்தனர். உளியை யந்திரமே தாங்கிச் செல்லும் எண்ணமும் முன்பே சிலருக்குத் தோன்றியிருந்தது. அவ்வெண்ணத்துக்கு மாட்ஸ்லேயை முதல்வரென்று புகழ்வோர் சரித்திரத்துக்கு நீதி செய்தவராகார்.

அவருடைய பெருமை வேறு. உளியைக் கையினின்று பறித்து இரும்புத் தாங்கியில் இறுகப் பொருத்தினார். பிராமாவின் பட்டறையிலே அதனைக் கண்ட தொழிலாளர், குழந்தையின் நடைவண்டி என்று எள்ளி நகையாடினராம். பின்னர், ஏறத்தாழ 1800ஆம் ஆண்டில், அத்தாங்கியைச் செம்மையாகச் சமன்படுத்திய இரும்புச் சட்டங்களின்மேல் நகருமாறு வைத்து, நெடுந்திருகு ஒன்றால் அதனை இழுக்கச் செய்தார். அந்நெடுந்திருகும் சுழலும் பொருளும் பற்சக்கரங்களால் இணைக்கப்பட்டிருந்தன. சக்கரங்களை மாற்றினால், ஒரே நெடுந்திருகைக் கொண்டு விரும்பிய அளவுள்ள புரிகளை வெட்டலாம். திருகு திருகைப் பெற்றது என்று சொல்லலாம். ஆயின் தாயிற் குற்றமிருப்பின் அது சேய்க்கும் வருமன்றோ? ஆகவே, முதல் திருகைக் குற்றமின்றிச் செய்வதே அவருக்குப் பெருங்கவலையாயிற்று. மென்மையான உலோக உருளையின்மீது, கணக்கிட்ட கோணத்திற் சாய்த்த கூரிய எஃகுக் கத்தியை அழுத்தி, உருளை சுழலுந்தோறும் கத்தி தானே புரியின் வழியைக் கீறிச்செல்லுமாறு ஒரு கருவி செய்தார். இவ்வாறு பல திருகுகள் செய்து, அவற்றுட் சிறந்ததைத் தேர்ந்து, அதனையும் திருத்தினார்.

அவர் செய்தவற்றுள் ஒன்று வானநூற் கருவிகளின் அளவுகோல்களைப் பிரித்தற்கென அமைந்தது. அதன் நீளம் 5 அடி. விட்டம் 2 அங்குலம். அங்குலத்துக்கு 50 புரிகள். அதன்மேல் ஓடிய நட்டு 12 அங்குல நீளமுடையது. அதனுள் 600 புரிகள் இருந்தன. இத்துணை நீண்ட நட்டு எதற்கென்று வினவலாம். ஒரு புரியிற் சிறு பிழை இருப்பினும், அறுநூறு புரிகள் ஒருங்கே பற்றும்பொழுது அப்பிழை மற்றவற்றாற் கட்டுண்டு மறைந்துவிடும். எம் கருத்தில், அவர் நுண்ணறிவுக்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

இவ்விடத்தில் நம் காலத்து இளைஞரிடம் மீள்வோம். சிறு மில்லிங் யந்திரத்தின் மேசையை நகர்த்தும் திருகுக்கும் அதன் நட்டுக்கும் இடையே சிறிது இடைவெளி உண்டு. பட்டறையில் இதனைப் பிளே என்பர். திருகைத் திசைமாற்றிச் சுழற்றும்பொழுது, அவ்விடைவெளி தீருமட்டும் மேசை அசையாது நிற்கும். கையால் இயக்குபவன் இதனை அறிவான். எப்பொழுதும் ஒரே பக்கத்தினின்று அளவுக்கு வந்து சேர்வான். கணினிக்கோ கண்ணில்லை. இவற்றிற் பெரும்பாலும் பூட்டப்படும் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். திருகு ஒரு சுற்றில் 5 மில்லிமீட்டர் நகர்த்துமாயின், 40 அடிக்கு 1 மில்லிமீட்டர். கணினி அடிகளை எண்ணி அனுப்பிவிட்டு, மேசை அங்கே சென்றுவிட்டதென்று நம்பியிருக்கும். இந்நிலையில் வட்டம் ஒன்றை வெட்டச் சொன்னால், மேசை திசைமாறும் நான்கிடங்களிலும் வடு தோன்றும். ஆகவேதான் பழைய திருகை நீக்கி, புரிகளுக்கிடையே எஃகுக் குண்டுகள் உருண்டோடும் பால் ஸ்குரு என்பதனை அமைக்கின்றனர். மேசை ஓடும் சட்டங்களும் தளர்ந்திருத்தல் ஆகாது. மிக இறுகினும் மோட்டார் அடி தவறும். 1952ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட காகித நாடாவின் எண்களுக்கு அடங்கி வேலைசெய்யும் மில்லிங் யந்திரத்தை முதன்முதல் உலகுக்குக் காட்டினர். அதுவும் புதிதாகப் படைத்ததன்று; ஸின்ஸினாட்டிக் கம்பெனியின் யந்திரமொன்றை வாங்கி மாற்றியமைத்ததே. கட்டளை ஒன்றுக்கு ஓர் அங்குலத்தில் 0.0005 பங்கு நகருமாறு அதனை அமைத்தனர்.

மாட்ஸ்லேயோ அதனினும் நுண்ணிய அளவைத் தம் மேசைமேல் வைத்திருந்தார். அங்குலத்துக்கு 100 புரிகள் கொண்ட திருகும், 100 பிரிவுகள் உள்ள வட்டும் கொண்ட அக்கருவி, அங்குலத்திற் பதினாயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும். அதன் தீர்ப்புக்குமேல் வழக்கில்லை என்னும் பொருளில், நாட்டின் தலைமை நீதித் தலைவரது பட்டப்பெயரால் அதனை அழைத்தார். தொழிலாளர் ஒவ்வொருவர் அருகிலும் சமதளத் தகடுகளை வைத்து, தாம் செய்த பரப்பை அதன்மேல் வைத்துச் சோதிக்கப் பழக்கினார். இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று பொருந்துதலாற் சமமென்று கொள்ளுதல் தவறு. ஒன்று குழிந்தும் மற்றொன்று புடைத்தும் இருக்கலாம். மூன்றை மாற்றி மாற்றிப் பொருத்தினாலன்றி உண்மை புலனாகாது. இம்முறையை 1840இல் அறிஞர் அவையில் விளக்கிய ஜோசப் விட்வொர்த், மாட்ஸ்லேயின் பட்டறையில் உழைத்தவரே.

அவர் புகழை நாடறியச் செய்தது போர்ட்ஸ்மத் கப்பல்துறை வேலை. பாய்க்கப்பல்களுக்குப் பெருந்தொகையாகக் கப்பிகள் வேண்டியிருந்தன. மார்க் புரூனல் வகுத்த திட்டப்படி, 40க்கு மேற்பட்ட யந்திரங்களை மாட்ஸ்லே செய்தளித்தார். 1808ஆம் ஆண்டில் அவை 1,30,000 கப்பிகளை ஆக்கின. தேர்ந்த தொழிலாளர் 110 பேர் செய்த வேலையைப் பழக்கமில்லாத பதின்மர் செய்தனர். இவ்வெற்றியைப் பாடும் நூல்கள், எஞ்சிய நூற்றுவர் யாதாயினர் என்பதைக் கூறக் காணோம். கையாற்றலாலே உயர்ந்த ஒருவர், கையாற்றல் வேண்டாத யந்திரங்களைச் செய்தார் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. ஆயினும் அவர் பட்டறையே கைத்திறத்துக்குக் கல்லூரிபோல் விளங்கியதும் உண்மை.

1810இல் பட்டறை லாம்பெத்துக்கு மாறி, நீராவிக் கப்பல்களின் யந்திரங்களுக்குப் பெயர்பெற்றது. 1829இல் ஜேம்ஸ் நாஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர், தாம் செய்த சிறு நீராவி யந்திரத்துடன் வந்து, மாட்ஸ்லேயின் உதவியாளராக அமர்ந்தார். மாதிரி யந்திரம் ஒன்றுக்குச் சிறு நட்டுக்கள் பல வேண்டியிருந்தன. ஒவ்வொன்றின் ஆறு பக்கங்களையும் அரத்தால் அராவுதல் அவருக்குச் சலிப்பூட்டியது. பற்களுள்ள வெட்டுச் சக்கரமொன்றைக் கடைசல் யந்திரத்திற் சுழலவிட்டு, நட்டை அறுகூறிட்ட வட்டினால் திருப்பி வெட்டும் கருவியை அமைத்தார். மேசைமேல் வைக்கும் மில்லிங் யந்திரத்தின் முன்னோருள் ஒன்றென இதனைக் கூறலாம். மாணவரது இச்செயல் கண்டு முதியவர் பெரிதும் மகிழ்ந்தார்.

இறுதிக் காலத்தில் மாட்ஸ்லேக்கு வானநூலில் ஆசை பிறந்தது. 1830இல் பெர்லின் சென்றபொழுது அங்குள்ள தொலைநோக்கியால் நிலவைக் கண்டு, தாமும் 24 அங்குல ஆடியுடைய தொலைநோக்கி ஒன்று செய்யக் கருதி, நாஸ்மித்துடன் கலந்து வரைபடங்கள் எழுதத் தொடங்கினார். அவ்வாடி வார்க்கப்படவில்லை. மறு ஆண்டுத் தொடக்கத்தில் பிரான்ஸிலிருந்த நண்பரைக் காணச் சென்று திரும்புகையில் குளிர் தாக்கி நோயுற்று, 1831ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள் உயிர்நீத்தார். பிறந்த ஊராகிய வுலிச்சிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் நினைவுச்சின்னம் கல்லாலன்றி வார்ப்பிரும்பால் ஆயது. அதன் வடிவையும் அவரே முன்னர் வரைந்து வைத்திருந்தார்.