தங்கவயல் காத்த தமிழன்: பண்டிதர் அயோத்திதாசர்

கல்விப் பணியில் வெள்ளி விழாக் காணும் நாம், பண்டிதர் அயோத்திதாசரை நினைவுகூர்வது கடமையாகும்.

1845-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிறந்த அப்பெருமகனாரின் இயற்பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழ் புகட்டிய ஆசிரியரின் பெயரையே நன்றியுடன் ஏற்றார். தமிழ்ப் புலமையும் சித்த மருத்துவமும் அவருக்கு இரு கண்களாயின. 1891-இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது 'தமிழன்' ஆயிற்று.

அவர் நெறி ஆழ வேரூன்றிய இடம் கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற நம் மக்கள், பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்துப் பொன் வெட்டினர். ஊரில் சேரிக்கு ஒதுக்கப்பட்டிருந்த அவர்கள், அங்கு மாரிக்குப்பத்தில் சங்கக் கிளை அமைத்து, சாதி பேதமற்ற அறநெறியைப் பயின்றனர்.

1914 மே 5-ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். பின்னர் இதழும் நின்றது. அவர் எழுத்தை அழியவிடாது காத்தவர்கள் தங்கவயல் மக்களே. 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அங்கிருந்தே 'தமிழன்' மீண்டும் வெளிவந்தது. அங்குள்ள சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சேற்றியது. அவ்வாறு காக்கப்பட்டமையால் அன்றோ, 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவர் சிந்தனைகளைத் தொகுத்தளிக்க இயன்றது!

2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. வெட்டிய பொன் யார் யார் கைக்கோ போயிற்று. காத்த எழுத்தோ நமக்கு உரிமையாய் நிற்கிறது. பொத்தேரி இளைஞர்களே, அதனைக் கற்பதும் காப்பதும் இனி நம் பொறுப்பு.